மீன் கடைசியில், தண்ணீர் முதலில்

முதன்முறையாகக் கடல்நீர் மீன்தொட்டி அமைக்க நினைக்கும் இளையர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை மாலை மீன் கடைக்குப் போகிறோம். புதுத் தொட்டி, ஒரு பொட்டலம் உப்பு, கொஞ்சம் மணல், ஒரு வடிகட்டி, பிளாஸ்டிக் பையில் இரண்டு கோமாளி மீன்கள். அன்றிரவே எல்லாவற்றையும் அமைத்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம். செவ்வாய்க்கிழமை மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்குகின்றன. புதன்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது ஒன்று சாய்ந்து கிடக்கிறது.

தண்ணீரோ பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. கடையில் நன்றாக நீந்திய மீன் வீட்டில் ஏன் இறந்தது?

கடல்நீர் மீன் வளர்ப்பில் இறங்கும் பலருக்கு முதல் பாடம் இப்படித்தான் கிடைக்கிறது. மீனைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. தொட்டியில் அதை அகற்றும் நுண்ணுயிரிகள் வளர்வதற்கு முன்பே மீன் உள்ளே வந்துவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் நாம் முதலில் வளர்க்க வேண்டியது தண்ணீரை. தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் பெரும்பாலும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். எதை வாங்கலாம், எதை ஒத்திப்போடலாம், எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஒரு கருத்திலிருந்தே பதில் கிடைக்கும்.

கடல் இலவசமாகச் செய்யும் வேலைகள்

1846ஆம் ஆண்டு ஆனா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி, இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவளங்களை லண்டனில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மின்சார பம்ப் எதுவும் இல்லாத காலம் அது. பவளங்கள் மூச்சுத் திணறாமல் இருக்க, பணிப்பெண் ஒருவர் நாள்தோறும் திறந்த சன்னல் அருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். நம் வீட்டில் தேநீர் ஆற்றுவதுபோலத்தான். அந்தப் பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்தன.

இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் கருவிகளைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. அன்று அந்தப் பணிப்பெண்ணின் கைகள் செய்த வேலையை இன்று ஒரு பம்ப் செய்கிறது. ஒவ்வொரு கருவியும் கடல் இலவசமாகச் செய்யும் ஏதோ ஒரு வேலையை நம் வீட்டில் செய்கிறது. அலையும் நீரோட்டமும் நீரில் உயிர்வாயுவைக் கலக்கின்றன. பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கின்றன. கடலின் பிரம்மாண்டமான கொள்ளளவு வெப்பத்தையும் உப்பையும் நிலையாக வைத்திருக்கிறது.

ஒரு கருவியை வாங்குமுன், “இது கடலின் எந்த வேலையைச் செய்கிறது?” என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

சிறிய தொட்டி எளிதா?

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். கடல்நீர்த் தொட்டிக்கு மட்டும் இந்த அறிவுரை அவ்வளவாகப் பொருந்தாது. மேசைமேல் வைக்கும் 20 லிட்டர் தொட்டி மலிவாகவும் எளிதாகவும் தோன்றும். ஆனால், தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதுதான் கடினமானது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடல்நீரில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கிறது. எளிமைக்காக லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் தொட்டியில் 700 கிராம் உப்பு இருக்கும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. இரண்டு லிட்டர் நீர் ஆவியானால், அதே 700 கிராம் உப்பு 18 லிட்டரில் இருக்கும். அதாவது லிட்டருக்கு 38.9 கிராம். அதே இரண்டு லிட்டர் 100 லிட்டர் தொட்டியிலிருந்து ஆவியானால் அளவு 35.7ஆக மட்டுமே உயரும். முதல் தொட்டியில் மீன் தவிக்கும். இரண்டாவதில் மாற்றத்தை உணர்வதே அரிது.

அம்மோனியாவுக்கும் வெப்பத்துக்கும் இதே கணக்குத்தான். நீர் அதிகம் இருந்தால் நம் தவறுகளின் விளைவு மெதுவாகவே தெரியும். திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

அதற்காக அறையை அடைக்கும் தொட்டியும் வேண்டாம். 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் கொண்ட தொட்டி தொடக்கத்துக்குப் பொருத்தமானது. பாறை, மணல் போக ஏறக்குறைய 100 லிட்டர் நீர் பிடிக்கும். நீர் மட்டும் 102 கிலோ. கண்ணாடி, மணல், பாறை எல்லாம் சேர்ந்தால் எடை 145 கிலோவை நெருங்கும். இரண்டு பெரியவர்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பதற்குச் சமம்.

ஆகவே, படிப்பு மேசையோ புத்தக அலமாரியோ இந்த எடையைத் தாங்கும் என்று எண்ணிவிடக்கூடாது. தொட்டிக்கென்றே செய்யப்பட்ட தாங்கி வேண்டும். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தால் சோதியுங்கள். சுவரை ஒட்டிய இடம் நல்லது. நேரடி வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். நீர் சூடாகும், பாசியும் படரும். இரவில் குளிர்சாதனம் ஓடிப் பகலில் நின்றுவிடும் படுக்கையறையும் ஏற்றதல்ல. அங்கே நீரின் வெப்பநிலை நாள்தோறும் ஏறி இறங்கும்.

இடத்தை முடிவு செய்யுமுன் பெற்றோரிடம் பேசிவிடுங்கள். நீரை நிரப்பிய பிறகு, “பண்டிகைக்குச் சோபாவை நகர்த்த வேண்டும், தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வை” என்று அம்மா சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்தத் தண்ணீர், எந்த உப்பு?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய் வாளியில் அள்ளி வந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கரையோர நீரின் உப்பளவு மழைக்கேற்ப மாறும். கப்பல் எண்ணெயும் ஒட்டுண்ணிகளும் அதில் இருக்கக்கூடும். சமையல் உப்பைக் கரைப்பதும் பயன் தராது. கடலில் கரைந்துள்ள உப்பில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும்தான் என்றாலும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் போன்றவை சரியான விகிதத்தில் இல்லாவிட்டால் அது கடல்நீர் ஆகாது. மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

அடுத்தது தண்ணீர். சிங்கப்பூரின் குழாய் நீர் நாம் குடிக்க மிகவும் பாதுகாப்பானது. கிருமிகளைத் தடுக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் அதில் குளோரமின் சேர்க்கிறது. குளோரினும் அம்மோனியாவும் இணைந்த பொருள் அது. வாளியில் ஓரிரவு வைத்தால் போய்விடும் என்று தாத்தா காலத்தில் சொன்னது குளோரினுக்குப் பொருந்தும். குளோரமின் அவ்வளவு சுலபமாகப் போகாது. நம்மைப் பாதிக்காத அந்தச் சிறிய அளவு மீனின் செவுள்களைப் பாதிக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குளோரமினை முறிக்கும் நீர்மத்தைக் குழாய் நீரில் சேர்க்கலாம். அல்லது ஆர்.ஓ.டி.ஐ. எனப்படும் தூய்மைப்படுத்திய நீரைப் பயன்படுத்தலாம். பாசியை வளர்க்கும் பாஸ்பேட் போன்றவையும் இரண்டாவது வழியில் நீங்கிவிடும். கடைகளில் இந்த நீரைக் கலன்களில் விற்கிறார்கள்.

உப்பை ஒரு வாளி நீரில் போட்டுச் சிறிய பம்ப் கொண்டு ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து அளந்து பாருங்கள். மீன் இருக்கும் தொட்டிக்குள் உப்பை நேரடியாகக் கொட்டக்கூடாது. அளப்பதற்கு ‘ரிஃப்ராக்டோமீட்டர்’ என்ற சிறு கருவி உண்டு. ஒரு சொட்டு நீரை அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் உப்பளவு தெரியும். உப்பு கூடினால் ஒளி வளையும் அளவும் மாறும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் ஒளிவிலகல்தான் இதன் அடிப்படை. ஒப்படர்த்தி 1.026 அல்லது உப்பளவு 35 என்று காட்டினால் சரி.

ஒரு நினைவூட்டல்: சேமித்து வைத்திருக்கும் நன்னீர் வாளியை மூடி வையுங்கள். தேங்கிய சுத்தமான நீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். மீன் வளர்க்கப் போய் டெங்கி வளர்த்தவர் என்ற பெயர் வேண்டாம்.

நம் ஊர் வெப்பம்

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் நீரைச் சூடாக்கும் கருவியை முதலில் வாங்கச் சொல்லும். இங்கே நம் கவலை நேர்மாறானது. அறையின் வெப்பநிலை 30 பாகையைத் தொடும்போது, பம்புகளும் விளக்கும் நீரை மேலும் சூடாக்குகின்றன. வெந்நீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும். அதே நேரத்தில் மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும்.

மீன் மட்டும் உள்ள தொட்டியில் 26 முதல் 28 பாகைக்குள் நிலையாக வைத்திருக்க முயலுங்கள். நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசும் சிறிய மின்விசிறியே இரண்டு மூன்று பாகை குறைத்துவிடும். வியர்வை காயும்போது உடல் குளிர்வதுபோல, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் விசிறி ஓடினால் நீர்மட்டம் வேகமாக இறங்கும். நாள்தோறும் நன்னீர் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆவியானது நீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. குறைந்த மட்டத்தை உப்புநீரால் நிரப்பினால் உப்பளவு வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். தொட்டியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடுவரை நன்னீர் ஊற்றுவது எளிய வழி.

பவளம் வளர்க்க நினைப்பவருக்குக் குளிரூட்டும் இயந்திரம் தேவைப்படலாம். அதன் விலை தொட்டியின் விலையைவிட அதிகமாக இருப்பதுண்டு. கடலிலேயே பவளங்கள் வெப்பத்தால் அவதிப்படுகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலின் பவளங்கள் வெளிறிப்போயின. முதல் ஆண்டில் மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்க வேண்டியவை, காத்திருக்கக்கூடியவை

முதலில் பாறை. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் குடியிருக்கும் வீடு அது. துளைகள் நிறைந்த பாறை எட்டு முதல் பத்துக் கிலோ போதும். காய்ந்த பாறை மலிவு. தேவையற்ற பூச்சிகளும் வராது. நுண்ணுயிரிகளோடு ஈரமாக விற்கப்படும் ‘லைவ் ராக்’ காத்திருப்பைக் குறைக்கும், விலை கூடுதல். பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில் உறுதியாக வைத்துவிட்டு, அதன்பிறகு மணலைப் பரப்புங்கள். மணல்மேல் பாறையை அடுக்கினால், குழி தோண்டும் உயிரினங்கள் ஒருநாள் அதைச் சரித்துவிடும். கால்சியம் கார்பனேட்டால் ஆன பவள மணல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும்.

இரண்டாவது, நீரோட்டம் தரும் பம்ப். தொட்டியில் நீர் தேங்கி நிற்கும் மூலை இருக்கக்கூடாது. நீர்ப்பரப்பு எப்போதும் சலசலத்துக்கொண்டிருக்க வேண்டும். உயிர்வாயு அங்கிருந்துதான் நீருக்குள் செல்கிறது.

மூன்றாவது, ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’. கடற்கரையில் அலை மோதும் இடத்தில் பழுப்பு நுரை சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்த கரிமக் கழிவுகள் காற்றுக்குமிழிகளின் பரப்பில் ஒட்டிக்கொள்வதால் அந்த நுரை உண்டாகிறது. இந்தக் கருவி மெல்லிய குமிழிகளை உண்டாக்கி, அழுக்கு நுரையை ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறது. கழிவு அம்மோனியாவாக மாறுமுன்பே வெளியேறிவிடும். 100 லிட்டர் தொட்டியில் ஒழுங்காக நீர் மாற்றுபவர் இது இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் தொடக்கத்தில் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் நல்ல துணை.

நான்காவது, சோதனைப் பெட்டி. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் அளப்பதற்கானது. பணம் போதவில்லை என்றால் அழகுப் பொருள்களைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

விலையுயர்ந்த விளக்கு காத்திருக்கலாம். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்வதால் அதற்கு வலுவான ஒளி தேவை. மீனுக்குச் சாதாரண விளக்கே போதும்.

மின்சாரத்தில் கவனம் தேவை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஒவ்வொரு மின்கம்பியும் செருகியைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிச் செல்லும்படி வையுங்கள். கம்பி வழியே நீர் வழிந்தாலும் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், செருகிக்குள் போகாது. தொட்டிக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

காலித் தொட்டியின் ஆறு வாரங்கள்

எல்லாம் தயார். நீர் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. மீன் மட்டும் இல்லை. பொறுமையின் உண்மையான சோதனை இப்போதுதான் தொடங்குகிறது.

மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிரி அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நீரை மாற்றி அதைக் குறைத்துவிடலாம். வேதியியலும் உயிரியலும் படிப்பவர்களுக்கு இந்த நைட்ரஜன் சுழற்சி புதிதல்ல. பாடநூலில் அம்புக்குறியாகப் பார்த்தது இங்கே கண்முன் நடக்கிறது.

கடல்நீரில் அம்மோனியா ஏன் அதிக ஆபத்தானது என்பதற்கும் பதில் வேதியியலில் இருக்கிறது. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனி அவ்வளவாகத் தீங்கு செய்யாது. அயனியாகாத அம்மோனியாதான் செவுள் வழியாக உடலுக்குள் செல்லும். பி.எச். உயர உயர இந்த இரண்டாவது வடிவத்தின் பங்கு கூடும். நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7 என்றால், கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். அதே அளவு அம்மோனியாவில், நச்சு வடிவம் பத்து மடங்கு அதிகமாக இருக்கும். தங்கமீன் வளர்த்த அனுபவத்தில், “அப்போது ஒன்றும் ஆகவில்லையே” என்று நினைப்பது இங்கே செல்லாது.

நுண்ணுயிரிகளை வளர்க்க மீனைப் பலிகொடுக்கத் தேவையில்லை. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைக் காலித் தொட்டியில் போடலாம். அல்லது இதற்கென விற்கப்படும் அம்மோனியம் குளோரைடு கரைசலை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி சேர்க்கலாம். புட்டியில் கிடைக்கும் நுண்ணுயிரிகளையும் விட்டால் வேலை விரைவாகும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். இதைக் கோட்டுப்படமாக வரைந்தால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மேடுகள் எழுவது தெரியும். அம்மோனியா சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஜூன் விடுமுறையின் முதல் நாளில் தண்ணீர் நிரப்பினால், பள்ளி திறந்த பிறகுதான் மீன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“காலித் தொட்டிக்கா இவ்வளவு செலவு?” என்று வீட்டில் கேட்பார்கள். குறிப்பேட்டைக் காட்டுங்கள்.

யாரை அழைத்து வருவது?

100 லிட்டர் தொட்டிக்கு மூன்று சிறிய மீன்கள் போதும். முதல் இரண்டு, கோமாளி மீன் இணையாக இருக்கலாம். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் நாம் பார்த்த இனம்தான். பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள் எளிதில் கிடைக்கின்றன. தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை. கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக வாழும். எல்லாக் கோமாளி மீன்களும் ஆணாகவே தொடங்குகின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். ஒரே வயதுள்ள இரண்டு சிறிய மீன்களை வாங்கினால் அவையே இணையாகிவிடும். நன்கு பராமரித்தால் பத்தாண்டுக்கும் மேல் வாழும். இன்று உயர்நிலை இரண்டில் இருப்பவர் வாங்கும் மீன், அவர் வேலைக்குப் போகும்போதும் உயிரோடு இருக்கக்கூடும்.

அதே படத்தில் வரும் நீல மீனை வாங்காதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவில் விற்கப்படும் அது 30 சென்டிமீட்டர்வரை வளரும். 60 சென்டிமீட்டர் தொட்டியில் அது திரும்பவே இடமிருக்காது. பட்டுத்துணிபோல் மின்னும் மாண்டரின் மீனும் வேண்டாம். அது பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களைத் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அவை போதாமல் பட்டினி கிடந்து சாகும். கடல் சாமந்தியும் குறைந்தது ஓராண்டு காத்திருக்கட்டும்.

முதலில் பாசி மேயும் சில நத்தைகள். பிறகு கோமாளி இணை. ஒரு மாதம் கழித்து மூன்றாவது மீன். ஒவ்வொரு புதுவரவுக்கும் ஏற்ப நுண்ணுயிரிகள் பெருக நேரம் வேண்டும்.

கடையில் அந்த மீன் உண்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால், அந்தத் தொட்டியிலுள்ள எந்த மீனையும் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்து, பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடையின் நீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

அந்த மீன் எங்கிருந்து வந்தது?

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறப்பவை. கடல்மீன்களில் பெரும்பாலானவை இன்னமும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் அதிகமான கடல் அலங்கார மீன்கள் உலகச் சந்தைக்கு வருவதாக மதிப்பிட்டது.

அவை பிடிக்கப்படும் முறைதான் கவலைக்குரியது. பிலிப்பீன்ஸில் 1960களிலிருந்து சயனைடு கரைசலைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அதில் பவளமும் சாகும். உயிர்தப்பிய மீன்கூட உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டுச் சில நாளிலோ வாரங்களிலோ இறக்கலாம். சட்டம் தடுத்தும் அந்த முறை முற்றாக ஒழியவில்லை.

இந்தோனீசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பங்காய் கார்டினல் மீன் இன்னோர் எடுத்துக்காட்டு. ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாள்களில் அது உண்பதில்லை. இவ்வளவு அக்கறையான தந்தையின் இனம், அலங்கார மீன் வணிகத்துக்காக அளவுமீறிப் பிடிக்கப்பட்டதால் 2007இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. இதையும் பண்ணையில் வளர்க்க முடிகிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிது: “இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?” பதிலளிக்கத் தயங்கும் கடையை விட்டு வெளியே வரும் உரிமை நமக்கு உண்டு.

வாரத்துக்கு அரைமணி நேரம்

தொட்டி நிலைபெற்ற பிறகு வேலை அதிகமில்லை. நாள்தோறும் வெப்பநிலையைப் பார்த்து, நன்னீர் சேர்த்து, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு உணவிட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி தொட்டிக்கு இன்னும் பொருந்தும். தின்னாத உணவு முழுவதும் அம்மோனியாவாகும். வாரம் ஒருமுறை 10 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 350 கிராம் உப்புக் கலந்த புதுநீரை ஊற்றுங்கள். வெப்பமும் உப்பளவும் தொட்டி நீரோடு ஒத்திருக்க வேண்டும்.

செலவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ஒருமுறை வாங்குபவை, மாதந்தோறும் வருபவை, அவசரத்துக்கு ஒதுக்குபவை. மின்கட்டணத்தை நீங்களே கணக்கிடலாம். 50 வாட் கருவி நாள் முழுவதும் ஓடினால் 1.2 கிலோவாட் மணி, மாதத்துக்கு 36. அதை வீட்டு மின்கட்டண ரசீதிலுள்ள விலையால் பெருக்குங்கள். அந்தத் தொகையைக் கைச்செலவுப் பணத்திலிருந்து மாதந்தோறும் கொடுக்க முடியுமா? தேர்வுக் காலத்திலும் தேசிய சேவைக்குப் போகும்போதும் தொட்டியை யார் பார்ப்பார்? இந்தக் கேள்விகளுக்குக் கடைக்குப் போகுமுன்பே பதில் இருக்க வேண்டும்.

ஒருநாள் வளர்க்க முடியாமல் போனால், மீனைக் கடலிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடாதீர்கள். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அருகே தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியக் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறிய மீன்களைத் தின்று தீர்க்கிறது. மீனை ஏற்றுக்கொள்ளும் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுப்பதே முறை.

கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து, இப்போதைக்கு முடியாது என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் நல்ல முடிவுதான். கோமாளி மீனைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் அது இன்றும் வாழ்கிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்கா அந்தப் பாறைகளில் சிலவற்றைப் பாதுகாக்கிறது.

முடியும் என்ற முடிவுக்கு வந்தால், முதல் நாள் கடையிலிருந்து மீன் இல்லாமல் வீடு திரும்புங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தேதியை எழுதி, தண்ணீரை நிரப்புங்கள். ஆறு வாரம் கழித்து வரும் மீன், அடுத்த புதன்கிழமை காலையிலும் நீந்திக்கொண்டிருக்கும்.